சபையின் ஓராண்டு: பந்தியில் தெரியும் வளர்ச்சி

கிறிஸ்தவத் திருச்சபைக்குப் புத்தாண்டு ஜனவரியில் பிறப்பதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காம் ஞாயிற்றுக்கிழமை, அதாவது நவம்பர் இறுதியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ, திருவருகைக் காலத்தோடு அதன் ஆண்டு தொடங்குகிறது. வெளியிலிருந்து பார்ப்போருக்கு அது நட்சத்திர விளக்குகளின் காலம். சபைக்கோ காத்திருத்தலின் காலம். அந்த விளக்குகள் இறக்கப்பட்ட பிறகு எஞ்சிய மாதங்களில் ஒரு சபைக்குள் என்ன நடக்கிறது என்பது அடுத்த தெருவில் வசிப்பவருக்குக்கூடப் பெரும்பாலும் தெரிவதில்லை. ஆனால், ஒரு சபை வளர்கிறதா, தேய்கிறதா என்பதைத் தீர்மானிப்பவை அந்த மாதங்களே.

வளர்ச்சி என்றதும் ஞானஸ்நானம் பெற்றோரின் எண்ணிக்கையும், புதிதாக எழும் கோபுரத்தின் உயரமும், காணிக்கைத் தொகையும்தான் பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. ஆண்டறிக்கைகளிலும் இவையே முதலிடம் பெறுகின்றன. ஆவிக்குரிய வளர்ச்சி என்று சபையார் சொல்வதை இந்த எண்களால் அளக்க முடியுமா? திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் தென்னிந்தியத் திருச்சபைச் சபைகளை எடுத்துக்கொண்டு இக்கேள்வியை ஆராயலாம். பாளையங்கோட்டையில் குளோரிந்தா கட்டிய ஆலயம் 1785-இல் எழுந்தது. கிறிஸ்தவர்களுக்கென்றே அமைந்த குடியிருப்பாக முதலூர் 1799-இல் உருவானது. 1820-இல் ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு சபைகள் கிராமங்கள்தோறும் பரவின. இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஒன்றாக வாழ்ந்து பழகிய சமூகம் இது. அதன் சாதனைகள், தோல்விகள் இரண்டும் நம் கண்முன்னே இருக்கின்றன.

நாட்காட்டி என்னும் பாடத்திட்டம்

ஒரு கிராமத்துச் சபை தனித்து நிற்பதன்று. பல சபைகள் சேர்ந்தது சேகரம். பல சேகரங்கள் அடங்கியது திருமண்டலம். சேகரத்தின் குருவானவர் ஒவ்வொரு ஞாயிறும் எல்லாச் சபைகளுக்கும் வந்துவிட இயலாது. ஆகவே, சபை ஊழியரும் உள்ளூர்ப் பெரியவர்களும் ஆராதனையை நடத்துவது இங்கே இயல்பு. குருவானவர் இல்லாத ஞாயிறுகளிலும் சபை கூடுகிறது என்பதே அதன் உயிர்ப்புக்கு முதல் சான்று.

கூடுவோருக்கு வழித்துணையாக இருப்பது திருச்சபையின் நாட்காட்டி. திருவருகைக் காலத்தைத் தொடர்ந்து கிறிஸ்துமஸ். டிசம்பர் 31 நள்ளிரவில் விழிப்பு ஆராதனை. சபையின் தேவாலயத்தில் ஒவ்வொரு குடும்பமும் தனக்கான வாக்குத்தத்த வசனத்தைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்புகிறது. சாம்பல் புதனில் தொடங்கும் லெந்து காலம், ஞாயிறுகள் நீங்கலாக நாற்பது நாட்கள். வீட்டுக்கு வீடு மாலை ஜெபக்கூட்டம் நடக்கும். சிலர் இறைச்சியை விலக்குவர். சிலர் ஒருவேளை உணவைத் தவிர்த்து அதற்கான பணத்தைக் காணிக்கை உறையில் சேர்ப்பர். குருத்தோலை ஞாயிறன்று, பனைமரமே வாழ்வாதாரமாக இருந்த இந்த நிலத்தில், ஓலை ஏந்திச் செல்லும் பவனிக்குத் தனிப் பொருத்தம் உண்டு. திருமண அறிவிப்பைச் சபையில் படிப்பதை 'ஓலை வாசித்தல்' என்று சொல்லும் வழக்கிலும் அந்தப் பனையின் சுவடு இருக்கிறது. பெரிய வெள்ளியன்று நண்பகல் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை இயேசு சிலுவையில் மொழிந்த ஏழு வார்த்தைகளைத் தியானிப்பார்கள். பிறகு விடியலுக்கு முன் உயிர்த்தெழுதலின் ஆராதனை. ஐம்பதாம் நாள் பெந்தெகொஸ்தே. மே மாதத்தில் சிறுவர்களுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி. பின்னர் அறுப்பின் பண்டிகை, ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை.

இது வெறும் விழாப்பட்டியல் என்று தோன்றலாம். உண்மையில், ஒருவரோடொருவர் வாழப் பழக்கும் பாடத்திட்டம் இது. தனிமனிதரின் பக்தி மனநிலைக்கு ஏற்ப ஏறும், இறங்கும். நாட்காட்டி அதற்கு இடம் கொடுப்பதில்லை. இவ்வாண்டு மகளுக்குத் திருமணம் முடித்த குடும்பமும் பெரிய வெள்ளியில் துக்கத்தின் முன் அமர வேண்டும். இவ்வாண்டு தந்தையை இழந்த குடும்பமும் கிறிஸ்துமஸ் காலையில் பாடுவோரின் நடுவே நிற்க வேண்டும். அப்போது அந்தக் குடும்பத்துக்காகப் பக்கத்து வரிசையில் இருப்பவர்கள் பாடுகிறார்கள். மகிழ்ச்சியில் இருப்பவர் துயரத்தை மறந்துவிடாமலும், துயரத்தில் இருப்பவர் தனித்துவிடப்படாமலும் காப்பதே இந்தச் சுழற்சியின் பயன். ஆவிக்குரிய வளர்ச்சி என்பதன் முதல் படி, தன் மனநிலைக்கு அப்பால் பிறருடைய நிலையிலும் நிற்கக் கற்றுக்கொள்வதே.

பிடியரிசியும் ஏலமும்

இரண்டாவது படி, கொடுத்தல். உலைவைக்க அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பாத்திரத்தில் இட்டுவைப்பது கிறிஸ்தவப் பெண்களிடையே வேரூன்றிய பழக்கம். சேர்ந்த அரிசி சபைக்கு வரும். அது விற்றுக் காசாகி ஊழியத்துக்கும் ஏழைகளுக்கும் செல்லும். மிசோரத்தில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இப்பழக்கமே அங்குள்ள திருச்சபைப் பணிகளின் பெருந்தூண்களில் ஒன்றாக விளங்குகிறது. பிடியரிசியின் சிறப்பு அதன் அளவில் இல்லை. கையில் காசு புழங்காத பெண்களையும் கொடுப்போராக்கியது அது. கணவரின் அனுமதியோ சம்பள நாளோ தேவைப்படாமல், சமையற்கட்டிலேயே அந்தக் காணிக்கை படைக்கப்பட்டது.

இத்தகைய சிறு கொடைகளின் மேல்தான் பெரிய முயற்சிகள் எழுந்தன. 1903-இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், அந்நிய நிதியை எதிர்பாராமல் இந்தியரின் பணம், இந்தியரின் உழைப்பு, இந்தியரின் நிர்வாகம் என்ற கொள்கையோடு அன்றைய நிஜாம் ஆட்சிப் பகுதியிலிருந்த தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பியது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான வெள்ளாளன்விளை வே.ச. அசரியா, 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பெறும் நிலையில் இருந்த ஒரு கிராமத்துச் சமூகம் கொடுக்கும் நிலைக்கு வந்ததன் அடையாளம் அது.

அறுப்பின் பண்டிகையும் இதே பாடத்தை வேறு விதமாகக் கற்பிக்கிறது. வாழைத்தார், தேங்காய், கருப்புக்கட்டி, கோழி, ஆடு என அவரவர் விளைவித்ததும் வளர்த்ததும் பீடத்தின் முன் வந்து குவியும். ஆராதனை முடிந்ததும் அவை ஏலத்துக்கு வரும். அங்கே ஒரு முட்டை கடைவிலையைப் போல் பல மடங்குக்குப் போவதைக் கண்டு புதியவர்கள் வியப்பதுண்டு. பொருளின் விலையை அங்கே யாரும் கேட்பதில்லை. ஏழை கொண்டுவந்த முட்டைக்கு வசதி படைத்தவர் பெருந்தொகை தருகையில், இருவரும் ஒரே காணிக்கையில் பங்காளிகள் ஆகிறார்கள். அதே ஏலம், யாருடைய பெயர் உரக்கச் சொல்லப்படுகிறது என்ற போட்டியாகவும் மாறிவிடக்கூடும். சடங்கு ஒன்றே, அதன் உள்ளடக்கத்தைச் சபையின் மனமே தீர்மானிக்கிறது.

அசனம் என்னும் சோதனை

ஆண்டின் உச்சம், தென்மாவட்டச் சபைகளில், அசனம். அச்சொல்லுக்கு உணவு என்பதே பொருள். பிரதிஷ்டைப் பண்டிகையையொட்டி, ஊரார் தரும் அரிசியும் ஆடும் காய்கறியும் பெரிய அண்டாக்களில் வேகும். சபையின் ஆண்களே அடுப்பருகே நிற்பார்கள். சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் ஊருக்கு வந்தவர்கள் இலையெடுப்பார்கள். பிற சமயத்தவரும் பந்தியில் அமர்வார்கள்.

அசனத்தை ஊர்விருந்தாக மட்டும் காண்பது அதன் வரலாற்றை மறப்பதாகும். சேர்ந்து உண்ணுதல் திருச்சபையில் எளிதாக வந்ததன்று. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டும் என்று கட்டளையிட்டபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் கடும் எதிர்ப்பு எழுந்தது. பலர் சபையை விட்டு விலகினர். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சென்னையிலும் மதுரையிலும் மிஷனெரிகள் ஒரு சோதனையை வகுத்தனர்: எந்தச் சாதியார் சமைத்தாலும் எல்லோருடனும் அமர்ந்து உண்பதற்கு ஒருவர் ஆயத்தமா? விசுவாச அறிக்கையை மனப்பாடமாகச் சொல்லிவிட்டவர்களும் அந்தப் பந்தியில் தயங்கினர். கொள்கையில் ஒப்புக்கொண்டதைக் கையும் வாயும் ஒப்புக்கொள்ள மறுத்தன.

இது புதிய சிக்கலும் அன்று. கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தில், கர்த்தருடைய பந்திக்குக் கூடிவரும்போது வசதியுள்ளோர் முந்திக்கொண்டு உண்பதையும் இல்லாதோர் பசியோடு நிற்பதையும் பவுல் கடிந்துகொள்கிறார். அவ்வாறு கூடுவது கர்த்தருடைய பந்தியே அன்று என்பது அவர் வாதம். தொடக்ககாலச் சபையைப் பற்றி அப்போஸ்தலர் நடபடிகள் தரும் சித்திரத்திலும் ஜெபமும் அப்பம் பிட்குதலும் உடைமைகளைப் பகிர்தலும் பிரிக்க முடியாதபடி பிணைந்திருக்கின்றன.

பந்தியில் பெரும்பாலும் வென்ற சமத்துவம், வேறு இடங்களில் இன்னும் வெல்லவில்லை என்பதே கசப்பான உண்மை. திருமண உறவில் சாதி பார்க்கப்படுகிறது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டங்களும் சாதியால் பிரிந்து கிடக்கின்றன. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களுக்கு மட்டும் வழங்கிய பட்டியல் சாதித் தகுதி, 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் விரிவாக்கப்பட்டது. தலித் கிறிஸ்தவர்களுக்கு அது இன்றுவரை கிடைக்கவில்லை. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. அந்தக் காரணம் பொய் என்று அரசிடம் வாதாடும் திருச்சபை, தன் கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவரைப் பற்றித் தனக்குத்தானே என்ன பதில் சொல்லப்போகிறது?

தேர்தல் வரும் ஆண்டு

சபையின் பகிர்வு வாழ்வுக்கு மற்றொரு சோதனை தேர்தல். குருமாரோடு பொதுமக்களும் சேர்ந்து நிர்வகிக்கும் முறை தென்னிந்தியத் திருச்சபையின் பெருமைகளுள் ஒன்று. ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் இணைந்து 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் இத்திருச்சபை உருவானபோது, அந்தந்த மரபின் நிர்வாக முறைகளும் ஒன்றுகலந்தன. சேகரம் முதல் திருமண்டலம் வரை பொறுப்பாளர்களை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 1976 முதல் பெண்கள் குருத்துவம் பெறுகிறார்கள். 2013-இல் முதல் பெண் பேராயரும் பொறுப்பேற்றார்.

ஆனால், பள்ளிகளும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் நிலங்களும் திருமண்டலத்தின் கையில் இருப்பதால், தேர்தல் அதிகாரப் போட்டியாகத் திரிந்துவிடுகிறது. பணி நியமனங்களும் சேர்க்கைகளும் அணிகளின் பரிசுகளாகின்றன. வழக்குகள் உயர் நீதிமன்றம் வரை செல்வதும், திருமண்டல நிர்வாகத்தை ஓய்வுபெற்ற நீதிபதிகளிடம் ஒப்படைக்க நேர்வதும் நாம் செய்தித்தாள்களில் படித்தவையே. லெந்து நாட்களில் ஒரே வீட்டில் முழங்காலிட்டவர்கள், தேர்தல் முடிந்தபின் ஒருவரையொருவர் பார்க்காமல் ஆராதனையிலிருந்து வெளியேறுகிறார்கள். பிடியரிசியில் கட்டப்பட்டது வாக்குச்சீட்டில் உடைகிறது. திருச்சபைத் தேர்தல்களைச் சீர்திருத்துவதை வெறும் நிர்வாகப் பிரச்சினையாகப் பார்க்க முடியாது. அது சபையின் ஆவிக்குரிய வாழ்வையே தொடும் பிரச்சினை.

எதை எண்ணுவது?

இன்று கிராமத்துச் சபைகள் இன்னொரு நெருக்கடியையும் சந்திக்கின்றன. இளையோர் படிப்புக்கும் வேலைக்கும் நகரங்களுக்குப் போய்விட்டனர். பல ஊர்களில் ஞாயிறுதோறும் ஆலயத்தில் அமர்வோருள் முதியோரே மிகுதி; பண்டிகைக்கு மட்டும் இருக்கைகள் நிரம்புகின்றன. ஊருக்கு வெளியே சம்பாதித்தவர்களின் நன்கொடையால் ஆலயங்கள் புதுப்பொலிவு பெறுகின்றன. ஆனால், வழிபடுவோர் குறைகிறார்கள். கட்டிடத்தை வளர்ச்சியாகக் கொண்டால் இது பொற்காலம். கூடிவாழ்வதை வளர்ச்சியாகக் கொண்டால், இது விழித்துக்கொள்ள வேண்டிய காலம்.

ஆகவே, ஆண்டு முடிவில் சபையார் முன் வாசிக்கப்படும் அறிக்கையில் சில புதிய கேள்விகள் இடம்பெற வேண்டும். வந்த காணிக்கையில் எவ்வளவு ஆலய வளாகத்துக்கு வெளியே சென்றது? தனித்து வாழும் முதியோர் எத்தனை பேர், அவர்களை மாதந்தோறும் சந்தித்தவர் யார்? சண்டையிட்ட குடும்பங்களுள் எத்தனை இவ்வாண்டு சமாதானமாயின? சபை முடிவுகளில் பெண்களின் குரல் பதிவானதா, அல்லது அவர்களின் பிடியரிசி மட்டும் பதிவானதா? பந்தியில் ஒன்றாக அமர்ந்தவர்கள் கல்லறையிலும் ஒன்றாக அடக்கம் பெறுவார்களா?

இவற்றுக்கு விடை காண்பது எளிதன்று. விடைகளைச் சபையார் முன் உரக்க வாசிப்பது அதைவிடக் கடினம். ஆனால், எந்தச் சமயத்தைச் சேர்ந்த சமூகமும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள்தாம் இவை. வழிபாடு நம்மை அடுத்தவரிடம் கொண்டுசேர்க்கிறதா, அல்லது அடுத்தவரிடமிருந்து பிரிக்கிறதா? ஆண்டு முழுவதும் ஆராதனைகள் குறைவின்றி நடந்திருக்கலாம். அவை பலன் தந்தனவா என்பதை அசனப் பந்தியில் யார் அருகில் யார் அமர்கிறார் என்பதே சொல்லும்.