களத்தில் நெல்மணி இல்லை, பந்தியில் குறைவில்லை

நமக்குச் சித்திரை பிறக்கும் சமயத்தில்தான் பஞ்சாபில் வைசாகி. அங்கே கோதுமை முற்றி அறுவடைக்கு நிற்கும். கனடாவின் அபாட்ஸ்ஃபோர்டு பகுதியில் குடியேறிய சீக்கிய விவசாயிகள் பலருக்கோ புளூபெர்ரிதான் பயிர். ஏப்ரலில் அது பூவெடுக்கும் பருவம். பழம் பறிக்க ஜூலை ஆகும். அதற்காகத் திருநாளைத் தள்ளிப்போடுவதில்லை.

பாசுமதியில் சர்க்கரை, நெய், குங்குமப்பூ சேர்த்து மஞ்சள் நிற இனிப்புச் சோறு. கடலைமாவைத் தயிரில் கரைத்துக் கொதிக்கவிட்டால் 'கடி' (நம்ம மோர்க்குழம்புக்குப் பங்காளிதான்!). குருத்துவாராவில் ரொட்டி, பருப்பு, பாயசம். யார் போனாலும் தரையில் வரிசையாக உட்காரவைத்துப் பரிமாறுவார்கள், காசு கிடையாது. 1911-ல் எழுப்பிய குருத்துவாரா ஒன்று அங்கே இன்றும் இருக்கிறது. குடியேறியவர்கள் மர ஆலையிலிருந்து பலகைகளை முதுகில் சுமந்து வந்து கட்டியது.

ரொட்டிக்கான கோதுமை மாவு மட்டும் கடையில் வாங்கியது.