கட்டணமில்லாத் திரையரங்கம்

ஆவணப்படங்கள் உண்மையைப் பதிவு செய்கின்றன. ஆயினும், அவற்றைத் திரையிடத் திரையரங்குகள் எளிதில் முன்வருவதில்லை. பெருநிறுவனங்களின் துணையின்றி எடுக்கப்படும் சுயாதீனத் திரைப்படங்களின் நிலையும் இதுவே. விழாக்களில் பாராட்டுப் பெற்ற படங்கள்கூடப் பொதுமக்களைச் சென்றடையாமல் பெட்டிக்குள் உறங்குவதுண்டு.

அமெரிக்கத் தொழில்முனைவோர் டெட் லியான்சிஸ் இச்சிக்கலை நேரில் உணர்ந்தவர். 1937ஆம் ஆண்டின் இறுதியில் சீனாவின் நான்கிங் நகரில் ஜப்பானியப் படையினர் தொடங்கிய படுகொலையைக் கூறும் 'நான்கிங்' என்னும் ஆவணப்படத்தை அவர் தயாரித்தார். அப்படம் 2007இல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. அடுத்த ஆண்டே 'ஸ்நாக்ஃபிலிம்ஸ்' என்னும் இணையத்தளத்தை அவர் தொடங்கினார். அதில் ஆவணப்படங்களைக் கட்டணமின்றி முழுமையாகக் காண முடிந்தது. விரும்பிய படத்தைத் தம் வலைப்பக்கத்தில் பதித்துப் பிறருக்குக் காட்டவும் இயன்றது.

கட்டணமில்லையெனில் வருவாய் எங்கிருந்து வரும்? படத்துடன் விளம்பரங்கள் தோன்றும். விளம்பரதாரர் தரும் தொகையில் படைப்பாளருக்கும் ஒரு பங்கு சேரும். பார்வையாளர் பணத்திற்கு மாற்றாகத் தம் நேரத்தை அளிக்கிறார். 2014இல் தொடங்கப்பட்ட 'டூபி' தளமும் விளம்பர வருவாயைக் கொண்டே இயங்குகிறது.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. பார்வைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தே விளம்பர வருவாய் அமைவதால், சிலரே காணும் அரிய படத்திற்குச் சிறுதொகையே கிடைக்கும். உரிம ஒப்பந்தம் முடிந்தாலோ தளமே மூடப்பட்டாலோ படம் மீண்டும் மறைந்துவிடும். ஆகவே, இத்தகைய தளம் படத்தை மக்களிடம் சேர்க்கும் வாயிலேயன்றி, அதனைக் காத்து வைக்கும் கருவூலம் ஆகாது. அப்பணிக்குத் திரைப்பட ஆவணக் காப்பகங்களே தேவை.