குரலும் ஓர் அமானிதம்



"மௌலவி, என் மகனுக்கு வானொலியில் அறிவிப்பாளர் வேலை கிடைத்திருக்கிறது. பெரும்பாலும் பாட்டுப் போடுகிற வேலைதான். அவன் தரும் சம்பளத்தில் நான் அரிசி வாங்கிச் சமைக்கலாமா?" மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவர்களிடம் தாய்மார்கள் இந்த மாதிரிக் கேள்வியைக் கேட்கும் காலம் இது. "கூடும்" அல்லது "கூடாது" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தத் தாயின் கேள்வி அரிசியைப் பற்றியது மட்டுமல்ல. தன் பிள்ளைக்கு அல்லாஹ் கொடுத்த அழகான குரல் எங்கே போய்ச் சேரப் போகிறது என்பதுதான் அவருடைய கவலை. ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கொட்டியாரக் குடாவின் கரையில், திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிர்ப்புறமாக இருக்கிறது சம்பூர். அதை அடுத்து மூதூர். சம்பூரில் வாழ்வோர் தமிழ் இந்துக்கள். மூதூரில் பெருந்தொகையாக முஸ்லிம்கள். வணக்கம் வேறு, வழக்கம் வேறு. ஆனால் இரண்டு ஊருக்கும் பொதுவான ஒரு சொத்து இருந்தது. அதுதான் வானொலி. வயலுக்குப் போனவரும் தோணியில் போனவரும் அடுப்படியில் நின்ற பெண்களும் ஒரே நேரத்தில் ஒரே குரலைக் கேட்டார்கள். கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் என்ற பெயர்களைச் சொன்னால், இரண்டு ஊர்ப் பெரியவர்களின் முகமும் ஒரே மாதிரி மலரும்.

கடல் தாண்டிய குரல்

கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டு தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படையினருக்காக இங்கே சக்தி வாய்ந்த ஒலிபரப்புக் கருவிகள் கொண்டுவரப்பட்டன. போர் முடிந்த பிறகு அவை இலங்கை வானொலிக்கு வந்து சேர்ந்தன. 1950இல் வர்த்தக சேவை ஆரம்பமாயிற்று. தமிழில் அந்தச் சேவைக்கு முகவரி தேடிக்கொடுத்தவர் எஸ். பி. மயில்வாகனம்.

அந்த நாளில் இந்தியாவில் தகவல் ஒலிபரப்புத் துறைக்குப் பொறுப்பாக இருந்த அமைச்சர் கேஸ்கர், 1952 முதல் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாடல்களை ஒதுக்கிவைத்தார். இந்திய மக்கள் ரேடியோ முள்ளைக் கொழும்பின் பக்கம் திருப்பினார்கள். 1957இல் விவித பாரதி தொடங்கிய பிறகும் தமிழ்நாட்டின் தெருக்களில் இலங்கை வானொலி ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. ஒரு சின்னத் தீவின் குரல் ஒரு பெரிய நாட்டின் வீடுகளுக்குள் போனது. அந்தக் குரல்களில் முஸ்லிம்களின் குரல்களும் இருந்தன என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

ஒரு வழிப்போக்கர்

பி. எச். அப்துல் ஹமீத் சிறுவர் நிகழ்ச்சி வழியாக வானொலிக்குள் நுழைந்தவர். நாடகத்தில் நடித்தார், நிகழ்ச்சிகளைத் தயாரித்தார், அறிவிப்பாளராகப் புகழ்பெற்றார். கொடுக்கப்படும் எழுத்தில் தொடங்கும் பாடலை நினைவிலிருந்து பாட வேண்டும் என்ற "பாட்டுக்குப் பாட்டு" நிகழ்ச்சியை அவர் இலங்கையில் நடத்தினார். பின்னர் அது தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிக்கும் சென்றது. உலகில் தமிழர் வாழும் நாடுகள் பலவற்றுக்கும் அவர் குரல் சென்றது. ழகரமும் ளகரமும் லகரமும் தடுமாறாத அந்த உச்சரிப்பைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர்!

அவருடைய வாழ்வில் நான் முக்கியமாகக் கருதும் ஒரு செய்தி உண்டு. எஸ். ராம்தாஸ் எழுதிய ஒரு நகைச்சுவை நாடகம் இலங்கை வானொலியில் தொடராக வந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. 1976இல் அது "கோமாளிகள்" என்ற பெயரில் திரைப்படமாகவும் வந்தது. அதில் மரிக்கார் என்ற முஸ்லிம் பாத்திரத்தில் நடித்தவர் ராம்தாஸ். உபாலி என்ற சிங்களவராக நடித்தவர் செல்வசேகரன். ஐயராக நடித்தவர் அப்துல் ஹமீத்! ஒருவர் மற்றவரின் பேச்சை இழிவுபடுத்தாமல் பேசிக் காட்ட வேண்டுமென்றால், முதலில் மற்றவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். நாடகத்தைப் பற்றி மார்க்க அடிப்படையில் நமக்குக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் அந்தக் கேட்கும் பழக்கம் இந்த நாட்டுக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதை 1976க்குப் பின் வந்த ஆண்டுகள் காட்டின.

தம் நினைவுகளை எழுதிய நூலுக்கு அவர் வைத்த பெயர் "வானலைகளில் ஒரு வழிப்போக்கன்". இந்த உலகில் ஒரு வழிப்போக்கனைப் போல வாழும்படி நம் நாயகம் (ஸல்) அவர்கள் இப்னு உமர் (ரலி) அவர்களின் தோளைப் பிடித்துச் சொன்னது வாசகர்களின் நினைவுக்கு வரலாம். வழிப்போக்கன் தங்கிய இடத்தை அசுத்தம் செய்யாமல் போக வேண்டும். முடிந்தால் பின்னால் வருபவனுக்கு ஒரு குடம் தண்ணீராவது வைத்துவிட்டுப் போக வேண்டும்.

தாய் வைத்த அடித்தளம்

இதே கொழும்பு வானொலியின் இந்தி சேவையில் உலகப் புகழ் பெற்ற இன்னொரு முஸ்லிம் அமீன் சயானி. 1932இல் பம்பாயில் பிறந்தவர். 1952இல் அவர் தொடங்கிய "பினாக்கா கீத்மாலா" பல பத்தாண்டுகள் நடந்தது. நிகழ்ச்சியைப் பம்பாயில் ஒலிப்பதிவு செய்து, நாடாக்களைக் கொழும்புக்கு அனுப்புவார்கள். இங்கிருந்து அது ஒலிபரப்பாகும். நேயர்களை அழைக்கும்போது "சகோதரிகளே" என்பதை முதலில் சொல்லி, பிறகுதான் "சகோதரர்களே" என்பார்.

இந்த மரியாதையும் எளிய மொழியும் அவருக்கு எங்கிருந்து வந்தன? அவருடைய தாயார் குல்சும் சயானி, எழுத்தறிவில்லாத வயது வந்தோருக்குக் கல்வி கொடுப்பதற்காக உழைத்த பெண்மணி. புதிதாக எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்காக 1940இல் "ரஹ்பர்" என்ற பத்திரிகையைத் தொடங்கினார். ஒரே எளிய மொழி; தேவநாகரி, உருது, குஜராத்தி என மூன்று எழுத்து வடிவங்களில் வந்தது. அந்தப் பத்திரிகை வேலையில் தாய்க்கு உதவியாக இருந்த சிறுவன்தான் அமீன். படிக்காதவருக்கும் விளங்கும்படி பேச வேண்டும் என்ற பாடத்தை அவர் அங்கே கற்றார். பின்னாளில் அந்தக் குரலைப் பாட்டுக்கு மட்டும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. எயிட்ஸ் நோயைப் பற்றி மக்களுக்கு விழிப்பூட்ட, உண்மைச் சம்பவங்களையும் மருத்துவர்களின் விளக்கங்களையும் கொண்டு அகில இந்திய வானொலிக்கு ஒரு தொடர் தயாரித்தார். 2009இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2024 பிப்ரவரியில் காலமானார்.

தாய்மார்களே, கவனியுங்கள். அந்த மகனின் குரலை அல்லாஹ் கொடுத்தான். அந்தக் குரலுக்கு மொழியையும் மரியாதையையும் கற்றுக்கொடுத்தவர் ஒரு தாய்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். இங்கே நான் மழுப்பிப் பேசக்கூடாது. நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பெரும்பான்மையான இமாம்கள் தந்தி வாத்தியங்களையும் குழல் வாத்தியங்களையும் தடுத்திருக்கிறார்கள். தஃப் என்ற பறைக்கு அனுமதி உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம்முடைய இஹ்யாவில் பாடல் கேட்பதைப் பற்றித் தனியாக ஒரு பாகமே எழுதி, பாடலின் பொருள் என்ன, கேட்பவரின் நிலை என்ன, அது எங்கே இழுத்துச் செல்கிறது என்றெல்லாம் பிரித்துப் பிரித்து ஆராய்ந்திருக்கிறார்கள். இப்னு ஹஸ்ம் (ரஹ்) போன்ற வேறு சிலர், தடைக்குக் காட்டப்படும் ஹதீஸ்களின் பலத்தைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஆபாசமான வரிகளும், மது மயக்கமும், தொழுகையை மறக்கடிக்கும் கேளிக்கையும் கூடாது என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

சிலர் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். எப்படியாவது சம்பாதித்துவிட்டு, ரமழானில் ஒரு பகுதியை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்று எண்ணுகிறார்கள். அது தவறு. அல்லாஹ் தூயவன்; தூயதையே ஏற்கிறான். அழுக்குத் தண்ணீரில் துணியை எத்தனை முறை அலசினாலும் அழுக்குப் போகுமா? ஆகவே வானொலிக்குப் போகும் பிள்ளை முதலில் தன் வேலையையே பார்க்க வேண்டும். செய்தி, கல்வி, சுகாதாரம், சிறுவர், மார்க்க நிகழ்ச்சிகள் என எவ்வளவோ பகுதிகள் அங்கே இருக்கின்றன. அவற்றின் பக்கம் மெல்ல மெல்ல நகர முயல வேண்டும். கையில் வரும் பாடலில் அசிங்கம் இருந்தால் அதைத் தள்ளிவைக்கும் தைரியம் வேண்டும்.

அபூமஹ்தூரா (ரலி) அவர்களின் வரலாறு இங்கே நல்ல பாடம். ஹுனைன் போருக்குப் பிறகு, வழியில் பாங்கோசை கேட்டபோது அதைக் கேலி செய்து கூவிய வாலிபர்களில் அவரும் ஒருவர். நபி (ஸல்) அவர்கள் அந்தக் குரலைக் கேட்டார்கள், அழைத்துவரச் சொன்னார்கள். அவர் தண்டனையை எதிர்பார்த்து நின்றிருப்பார். ஆனால் நபியவர்கள் பாங்கின் வாசகங்களை ஒவ்வொன்றாக அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வெள்ளி வைத்த ஒரு பையைக் கொடுத்தார்கள். பரக்கத்துக்காக துஆச் செய்தார்கள். கேலி செய்த அந்தக் குரல் மக்காவின் முஅத்தின் குரலாயிற்று! நல்ல குரல் தவறான திசையில் போவதைக் கண்டால், குரல்வளையை நெரிக்காமல் திசையை மாற்றிக்கொடுப்பதுதான் சுன்னத்தான வழி என்று இதிலிருந்து விளங்குகிறது.

நம் காலத்திலும் ஓர் உதாரணம் உண்டு. கேட் ஸ்டீவன்ஸ் என்ற பிரித்தானியப் பாடகர் 1977இல் இஸ்லாத்தைத் தழுவி, யூசுஃப் இஸ்லாம் ஆனார். புகழின் உச்சியில் இசைத் தொழிலை விட்டு ஒதுங்கினார். 1983இல் லண்டனில் இஸ்லாமியா ஆரம்பப் பள்ளியைத் தொடங்கினார். 1998இல் அந்தப் பள்ளிக்கு அரசாங்கத்தின் நிதியுதவி கிடைத்தது. 2006இல் அவர் மீண்டும் இசைத்தட்டு வெளியிட்டார். அது சரியா என்று ஆலிம்கள் விவாதிக்கலாம். ஆனால் அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைகளின் கல்வி அவருடைய கணக்கில் நிற்கும், இன்ஷா அல்லாஹ்.

தீயை ஊதும் குரல்

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஆப்பிரிக்காவின் ருவாண்டாவில் 1993இல் ஒரு தனியார் வானொலி தொடங்கியது. ஆர்டிஎல்எம் என்று பெயர். வாலிபர்களுக்குப் பிடித்த பாட்டு, கலகலப்பான பேச்சு, நகைச்சுவை. நேயர்கள் சேர்ந்தார்கள். 1994இல் அதே வானொலி, அதே பாட்டுகளுக்கு இடையே, டுட்சி இன மக்களைக் கொல்லத் தூண்டியது. மூன்று மாத காலத்தில் இலட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அந்த வானொலியின் அறிவிப்பாளர் ஒருவருக்கு 2000ஆம் ஆண்டு சர்வதேச நீதிமன்றம் 12 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அவர் கையில் இருந்தது ஒலிவாங்கி மட்டுமே. தூர தேசத்துக் கதை என்று நாம் சொல்ல முடியாது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, வதந்தி எந்த வேகத்தில் பரவியது என்பதை இந்த நாடு கண்டது.

சம்பூருக்கும் மூதூருக்கும் இது இன்னும் நெருக்கமான விஷயம். 2006இல் சம்பூர் மக்கள் குண்டுவீச்சுக்கும் போருக்கும் நடுவே ஊரை விட்டுப் போனார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்ப் பக்கம் நடந்தார்கள். அதே நாட்களில் மூதூரில் தொண்டு நிறுவனப் பணியாளர்கள் 17 பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். மூதூர் மக்கள் விரைவில் திரும்பினார்கள். சம்பூர் மக்களோ தங்கள் காணிக்குத் திரும்பத் தொடங்க 2015ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு ஊரும் அழுதது தமிழில்தான். ஒரு ஊரின் அழுகையை மற்ற ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் குரல் நமக்கு இப்போது தேவை. பழைய வானொலி அந்த வேலையைப் பாட்டின் மூலம் தெரியாமலே செய்தது. இன்றைய பிள்ளைகள் தெரிந்தே செய்யலாம்.

குரலுக்கும் ஸகாத்து

பணத்துக்கு நாற்பதில் ஒரு பங்கு ஸகாத்து. குரலுக்கு ஷரீஅத்தில் அப்படிக் கடமை எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு அறிவிப்பாளர் தாமாக விரும்பி அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டால் என்ன? வாரத்தில் நாற்பது மணி நேரம் வேலை செய்பவர் ஒரு மணி நேரத்தைக் கூலி வாங்காமல் மக்களுக்குக் கொடுக்கட்டும். இரத்தம் தேவைப்படும் நோயாளிக்காகப் பேசலாம். கண் தெரியாத மாணவருக்குப் பாடப் புத்தகத்தை ஒலிப்பதிவு செய்து கொடுக்கலாம். கிராமத்துப் பிள்ளைகளுக்கு நல்ல தமிழ் உச்சரிப்பைப் பழக்கலாம். மழை வெள்ள எச்சரிக்கையைக் கடற்றொழிலாளருக்கும் விவசாயிக்கும் விளங்கும் மொழியில் சொல்லலாம். 2004 டிசம்பர் 26 அன்று காலை இந்தக் கரையை எச்சரிக்க ஒரு குரல் இருந்திருந்தால் எத்தனை உயிர் தப்பியிருக்கும்! சம்பூர்ப் பெரியவரையும் மூதூர்ப் பெரியவரையும் ஒன்றாக உட்காரவைத்து, பழைய நாட்களைப் பேசச் செய்து ஒலிபரப்பலாம். இவற்றுக்கு எந்த மத்ஹபிலும் தடை இல்லை.

ஆகவே அந்தத் தாய்க்கு என் பதில் இதுதான்: உம்மா, மகனைத் திட்டி விரட்டாதீர்கள், கண்ணை மூடிக்கொண்டும் இருக்காதீர்கள். ஒவ்வொரு நாளும் அவன் வீட்டுக்கு வந்ததும், "இன்று என்ன பேசினாய் மகனே? யாருக்குப் பிரயோசனப்பட்டது?" என்று கேளுங்கள். உங்கள் கேள்விக்குப் பயந்தாவது அவன் நல்ல சொல்லைத் தேடுவான். காற்றில் போன சொல் காணாமல் போய்விட்டதாக நாம் நினைக்கிறோம். மலக்குகள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் நாவுகளை நன்மையின் பக்கம் திருப்புவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.