பெண்களின் விரல் நுனியில் மின்சாரம்! - வாசகர்களை இரண்டாகப் பிரித்த 'தி பவர்' நாவல்

ராத்திரி பஸ் ஸ்டாப்பில் தனியாக நிற்கப் பயப்படுவது பெண் அல்ல, ஆண். 'இருட்டுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடு' என்று அம்மா எச்சரித்து அனுப்புவது மகளை அல்ல, மகனை. இப்படி ஓர் உலகம் இருந்தால்?

பிரிட்டிஷ் எழுத்தாளர் நவோமி ஆல்டர்மேன் 2016-ல் எழுதிய 'தி பவர்' நாவலின் அடிப்படை இதுதான். 2017-ல் பெண் எழுத்தாளர்களுக்கான பெய்லிஸ் பரிசை வென்ற நாவல் இது. அதே ஆண்டு பராக் ஒபாமா தனக்குப் பிடித்த புத்தகங்களின் பட்டியலிலும் இதைச் சேர்த்தார். 2023-ல் அமேசான் பிரைமில் வெப் சீரிஸாகவும் வந்தது. ஆனாலும், இதைப் படித்தவர்கள் இன்றுவரை ஒரே கருத்துக்கு வரவில்லை.

கதை என்ன?

உலகம் முழுக்க டீன் ஏஜ் பெண்களின் உடலில் திடீரென மின்சாரம் பிறக்கிறது. காறை எலும்பை ஒட்டி உருவாகும் ஒரு புதிய தசைதான் காரணம். தொட்டால் ஷாக் அடிக்கலாம், ஆளையே கொல்லலாம். லண்டன் தாதாவின் மகள் ராக்ஸி, வளர்ப்புத் தந்தையின் கொடுமையிலிருந்து தப்பி மதத் தலைவியாகும் ஆலி, அமெரிக்க மேயர் மார்கோட், இவற்றையெல்லாம் வீடியோ எடுக்கும் நைஜீரிய இளைஞன் டுண்டே என நால்வர் வழியே கதை நகர்கிறது.

முதலில் கைதட்டல்... பிறகு?

அடிமைப்பட்டுக் கிடந்த பெண்கள் திருப்பி அடிக்கும் முதல் பாதியை, விசில் அடிக்காத குறையாக ரசித்தவர்கள் அதிகம். இரண்டாம் பாதியில்தான் சங்கடம் தொடங்குகிறது. பெண்கள் ஆளும் ஒரு புதிய நாட்டில், பெண் துணை இல்லாமல் ஆண்கள் நடமாடக் கூடாது என்று சட்டம் வருகிறது. ஆண்கள் மீது பாலியல் வன்முறை நடக்கிறது. உலகத்தையே துணிச்சலாகச் சுற்றிவந்த டுண்டே, தெருவில் நடக்கவே அஞ்சுகிறான். அவனுடைய உழைப்பை ஒரு பெண் தன் பெயரில் வெளியிட்டுக்கொள்கிறாள்.

'அதிகாரம் கிடைத்தால் பெண்களும் இப்படித்தான் ஆவார்களா?' என்று கோபப்படுகிறது ஒரு தரப்பு. தாய்மையும் தோழமையும் ஒரே இரவில் காணாமல் போகுமா என்பது இவர்களின் கேள்வி. ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்காதவர்களுக்கு நாவல் போதிய இடம் தரவில்லை என்பது இன்னொரு விமர்சனம். கிளைக் கதைகள் அதிகம், பாத்திரங்கள் மனதில் ஒட்டவில்லை என்பவர்களும் உண்டு.

மறுதரப்போ, 'கோளாறு பாலினத்தில் இல்லை, அதிகாரத்தில் இருக்கிறது என்பதைத்தான் நாவல் சொல்கிறது' என்கிறது. நாவலில் ஆண்களுக்கு நடக்கும் ஒவ்வொன்றும் இன்று எங்கோ ஒரு பெண்ணுக்கு நடந்துகொண்டிருப்பதுதான் என்பது ஆல்டர்மேனின் பதில். செய்தித்தாளில் படித்துவிட்டுக் கடந்துபோகும் அதே கொடுமை, ஆணுக்கு நடக்கும்போது மட்டும் ஏன் தாங்க முடியவில்லை? வாசகர்களை உறுத்துவது இதுதான்.

நூறாண்டுக்கு முன்பே சென்னையில்!

இந்தக் கற்பனை நமக்குப் புதிதல்ல. வங்கத்தைச் சேர்ந்த பேகம் ரொக்கேயா எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905-ல் மெட்ராஸிலிருந்து வந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில்தான் வெளியானது. அதில் ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்க, பெண்கள் நாட்டை ஆள்கிறார்கள். ஆனால், அங்கே பெண்களின் பலம் உடம்பில் இல்லை, படிப்பில் இருக்கிறது. சூரிய வெப்பத்தைச் சேமித்து எதிரிப் படையை விரட்டுகிறார்கள் பெண் விஞ்ஞானிகள். அதிலும் ஒரு தரப்பு அடைபட்டே கிடக்கிறது என்பதையும் மறக்க முடியாது.

'தி பவர்' நாவலுக்குள் இன்னொரு விளையாட்டும் இருக்கிறது. இதை 5,000 ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் ஆண் எழுத்தாளர் எழுதி, பிரபல பெண் எழுத்தாளரிடம் கருத்து கேட்பதாக அமைத்திருக்கிறார் ஆல்டர்மேன். 'ஆண்கள் ஆண்டால் உலகம் இன்னும் அன்பாக இருக்குமே' என்று வியக்கிறார் அந்த அம்மையார்!

வாய்விட்டுச் சிரிக்க வைக்கும் இடம் அது. அடுத்த நொடியே, 'பெண்கள் ஆண்டால்...' என்று நாம் வழக்கமாகச் சொல்லும் வசனம் நினைவுக்கு வருகிறது.

உங்கள் கையில் அந்த மின்சாரம் கிடைத்தால், யாரைத் தொடுவீர்கள்... யாரைத் தொடாமல் விடுவீர்கள்?