பாலைவனப் போருக்கு ஒரு 'வாஸல்'

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் தேடுவது பெரும்பாலும் ஏதாவது ஒரு கேம்தான். பல கேம்களில் நம்மை எதிர்த்து ஆடுவது கம்ப்யூட்டர். ஆனால் தான் ஆடாமல், வெறும் மேஜை போல இருந்துகொண்டு இரண்டு மனிதர்களை ஆட வைக்கும் புரோகிராம் ஒன்று உள்ளது. அதன் பெயர் வாஸல். (நம் வீட்டு வாசலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) முற்றிலும் இலவசம். இது எனக்கு எப்படிப் பயன்பட்டது என்று சொல்கிறேன்.

எங்கள் வீடு ஆவடியில். 1965ல் விஜயந்தா டாங்கி தயாராகி வெளிவந்ததும், 2004ல் முதல் அர்ஜுன் டாங்கிகள் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டதும் இந்த ஊரில்தான். அப்பா இங்குள்ள டாங்கித் தொழிற்சாலையில் என்ஜின் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்த பணத்தில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதே சமயம் அலுவலகம் என்னை எட்டு மாதம் புனேக்கு அனுப்பிவிட்டது. இரவு போன் செய்தால், "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேம்ப்பா." அதோடு பேச்சு முடிந்துவிடும். வீட்டிலும் அப்பா யாருடனும் பேசுவதில்லை என்று அம்மா வருத்தப்பட்டார்.

அப்போது அலுவலக நண்பர் ஒருவர் காட்டியதுதான் 'ஆப்ரிகா கோர்' என்ற போர்டு கேம். அவலான் ஹில் நிறுவனம் 1964ல் வெளியிட்டது. இரண்டு பேர் ஆட வேண்டும். 1941-42ல் வட ஆப்ரிக்கப் பாலைவனத்தில் நடந்த போர்தான் கதை. ஒருவருக்கு ரோமல் நடத்திய ஜெர்மன், இத்தாலியப் படைகள். மற்றவருக்கு பிரிட்டன் தரப்பு. நம் இந்திய ராணுவத்தின் 4வது டிவிஷன் அந்தப் பாலைவனத்தில் போரிட்டிருக்கிறது.

மேப் முழுவதும் தேன்கூடு போல அறுகோணக் கட்டங்கள். ஒவ்வொரு காயிலும் அதன் பலமும், எத்தனை கட்டம் நகரலாம் என்பதும் எண்ணாக இருக்கும். தாக்கும்போது இரு தரப்பு பலத்தையும் ஒப்பிட்டு, மூன்றுக்கு ஒன்றா, இரண்டுக்கு ஒன்றா என்று பார்த்துப் பகடை உருட்ட வேண்டும். முடிவை ஓர் அட்டவணை சொல்லும்.

இதுவரை சாதாரண விளையாட்டுதான். விஷயம் சப்ளையில் இருக்கிறது. பாலைவனத்தில் பெட்ரோலும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. எல்லாம் துறைமுகத்திலிருந்து லாரியில் வர வேண்டும். திரிபோலியிலிருந்து பெங்காசிக்கே சுமார் 1,000 கி.மீ. கொண்டு போகும் பெட்ரோலில் ஒரு பங்கை லாரியே குடித்துவிடும். கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த அம்பத்தூர், ஆவடிக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். அதனால்தான் டோப்ருக் துறைமுகத்துக்காக இரு தரப்பும் அப்படி அடித்துக்கொண்டன. 1941ல் மாதக்கணக்கில் முற்றுகையிட்டும் கிடைக்காத அந்த ஊரை ரோமல் 1942 ஜூனில்தான் பிடித்தார். கேமிலும் அப்படியே. அருகில் சப்ளை காய் இல்லாமல் தாக்க முடியாது. ஜெர்மனிக்கு வரும் சப்ளைக் கப்பல் கரை சேருமா, கடலில் மூழ்குமா என்பதைப் பகடைதான் சொல்லும்.

இனி கம்ப்யூட்டர் வேலை. வாஸல்எஞ்சின் டாட் ஆர்க் தளத்திலிருந்து புரோகிராமை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடவும். பின் அதே தளத்தில் உங்கள் கேமுக்கான மாட்யூல் ஃபைலைத் தனியாக எடுக்க வேண்டும். மேப்பும் காய்களும் இதில்தான் இருக்கும். பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். அந்த பாஸ்வேர்டை மறக்காதீர்கள், உங்கள் பக்கத்துக்கு அதுதான் பூட்டு. காய்களை மவுஸால் இழுத்து வைக்கலாம். விதிகளை வாஸல் கவனிக்காது, தவறாக நகர்த்தினாலும் தடுக்காது. எனவே விதிகளை நீங்கள்தான் படிக்க வேண்டும். நான் நண்பரின் புத்தகத்தைப் படித்து, தமிழில் நான்கு பக்கம் எழுதி அப்பாவுக்கு அனுப்பினேன்.

இருவரும் ஒரே நேரத்தில் இன்டர்நெட்டில் இருந்தால் நேரடியாக ஆடலாம். எங்களுக்கு மெயில்தான் வசதி. நகர்த்தும் முன் ஃபைல் மெனுவில் 'பிகின் லாக்ஃபைல்' கொடுத்திடுங்கள். நீங்கள் செய்வதெல்லாம் அதில் பதிவாகும். அந்த ஃபைலை மெயிலில் அனுப்பினால், எதிரே இருப்பவர் அதைத் திறந்து பேஜ் டவுன் கீயை அழுத்த அழுத்த உங்கள் ஆட்டம் ஒவ்வொன்றாக ஓடும். அப்பா முதல் நாள் லாக்ஃபைல் தொடங்காமலேயே ஒரு மணி நேரம் காய் நகர்த்தினார். அன்று யாரிடம் கோபப்படுவது என்று அவருக்கே தெரியவில்லை.

நான் ரோமல். படங்களில் பார்த்தது போலக் கிழக்கே பாய்ந்தேன். அப்பா சண்டைக்கே வரவில்லை. டோப்ருக்கை மட்டும் பலப்படுத்திவிட்டுப் பின்வாங்கிக்கொண்டே இருந்தார். எகிப்து எல்லை அருகே என் டாங்கிகள் நின்றன. இரண்டு முறை பகடையில் கப்பல் மூழ்கியது. மெயிலில் ஒரே வரி: "டீசல் இல்லாத டாங்கி வெறும் இரும்புடா."

அன்று போன் பேச்சு நாற்பது நிமிடம் நீண்டது. புழுதி ஏர் ஃபில்டரை எப்படி அடைக்கும், என்ஜின் ஏன் சூடாகும் என்று விளக்கினார். பிறகு 1971 டிசம்பர் லோங்கேவாலா. ராஜஸ்தான் மணலில் சுமார் 120 இந்திய வீரர்கள் மட்டுமே இருந்த காவல் நிலையை நோக்கி இரவில் பாகிஸ்தான் டாங்கிகள் வந்தன. பல டாங்கிகள் இளமணலில் புதைந்தன. விடிந்ததும் ஜெய்சல்மரிலிருந்து வந்த ஹன்டர் விமானங்கள் அவற்றைத் தாக்கின. "வண்டி நல்ல வண்டிதான், தரையைப் பார்க்கலை" என்றார்.

நான் ஆவடிக்குத் திரும்பி மூன்று மாதமாகிறது. ஆட்டம் இன்னும் முடியவில்லை. எதிரில் உட்கார்ந்து ஆடலாம் என்றால் அப்பா ஒத்துக்கொள்வதில்லை. ஹாலில் இருந்து உள் அறைக்கு மெயில் அனுப்புகிறார். டோப்ருக் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.