சட்டாம்பிள்ளையும் ஜவுஹே அன்னையும்



நாகப்பட்டினத்திலிருந்து கடற்கரையை ஒட்டி வடக்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் சென்றால் காரைக்காலை அடைகின்றோம். அங்கும் புதுச்சேரியிலும் பெண்கல்விக்கு உழைத்த துறவியர் குழு ஒன்று உண்டு. குளூனி புனித சூசையப்பர் கன்னியர் சபை என்பது அதன் பெயர். அதனைத் தோற்றுவித்த ஆன் மரி ஜவுஹே அன்னை பிரெஞ்சு நாட்டு உழவர் ஒருவரின் மகள். தமிழகத்திற்கு அவர் வந்ததில்லை. ஆயினும் அவர் பணிக்கும் நம் திண்ணைப் பள்ளிக்கும் ஓர் உறவு உண்டு. அதனை விளக்கவே இன்று விழைகின்றேன்.

திண்ணைப் பள்ளியில் ஆசிரியர் ஒருவர், பிள்ளைகளோ பலர். எனவே, முன்னரே கற்றுத் தேறிய மாணவன் ஒருவன் இளையோருக்கு எழுத்தறிவித்தான். அவனே சட்டாம்பிள்ளை. ஏடும் எழுத்தாணியும் கைக்கு வருமுன் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். 1789-ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்பார், நாட்டுப் பள்ளியொன்றில் இம்மணல் எழுத்தைக் கண்டு தம் பள்ளியிலும் புகுத்தினார். எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே இளையோருக்குக் கற்பித்தும் வெற்றி கண்டார். 1797-இல் அவர் வெளியிட்ட அறிக்கையால் அம்முறை இங்கிலாந்தில் ‘மதராஸ் முறை’ எனப் பெயர் பெற்றது. லங்காஸ்டர் என்பாரும் இலண்டனில் இதனையொத்த முறையைப் பரப்பினார். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் யான் இவ்வரலாற்றைப் படித்தபோது, நம் சட்டாம்பிள்ளை இத்துணைத் தொலைவு சென்றனனோ என வியந்ததுண்டு.

இனி, அன்னையின் வரலாற்றைக் காண்போம். அவர் 1779 நவம்பர் 10-ஆம் நாள் பர்கண்டிப் பகுதியில் பிறந்தார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் துறவியர் மடங்கள் மூடப்பட்டன. கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பார் அருகினர். இளம்பெண்ணாகிய ஆன் மரி அப்பிள்ளைகளைக் கூட்டி எழுத்தும் மறையறிவும் புகட்டினார். 1807-இல் தம் உடன்பிறந்த சகோதரியர் மூவர் உள்ளிட்ட தோழியருடன் துறவு வாக்களித்துச் சபையை நிறுவினார். 1812-இல் குளூனி நகரில் இல்லம் அமைந்ததால் அவ்வூர்ப் பெயர் சபைக்கு உரியதாயிற்று.

பாரிசில் அவர் நடத்திய பள்ளியில் மாணவர் மாணவர்க்குக் கற்பிக்கும் அம்முறையை மேற்கொண்டார். அது பிற சமயத்தார் நாட்டிலிருந்து வந்த புதுமை எனக் குருமார் சிலர் குறை கூறினர். அன்னையோ, பிள்ளைகள் கற்கின்றனரா என்பதையே நோக்கினார். பள்ளியின் சிறப்பைக் கண்ட அரசு அலுவலர் கடல் கடந்த நாடுகளுக்கும் கன்னியரை வேண்டினர். 1817-இல் ரீயூனியன் தீவிற்கும், 1819-இல் செனகலுக்கும், 1827-இல் புதுச்சேரிக்கும் அச்சபையார் சென்றனர்.

ஒருவன் கற்றால் அவனே பிறர்க்குக் கற்பிக்க வல்லன் என்பது இம்முறையின் உயிர். ஆனால், ‘ஒருவன்’ என்னும் சொல்லில் யார் யார் அடங்குவர்? இவ்வினாவிலேதான் அன்னையின் பெருமை விளங்குகின்றது. ஆப்பிரிக்கர் கல்விக்குத் தகுதியற்றவர் எனப் பலர் கருதிய காலம் அது. அன்னை செனகல் சிறுவர் சிலரைப் பிரான்சுக்கு அழைத்துப் படிக்கச் செய்தார். பலர் நோயுற்று மாண்டனர். அத்துயரத்தை மறைத்தல் கூடாது. எனினும், 1840-இல் மூவர் குருப்பட்டம் பெற்றனர். அவருள் ஒருவராகிய டேவிட் புவாலா தாயகம் திரும்பிக் கல்விப் பணி ஆற்றினார்.

தென் அமெரிக்காவில் பிரெஞ்சுக் கயானாவைச் சேர்ந்த மானா என்னும் இடத்தில், சட்டத்திற்கு மாறாக அடிமைகளை ஏற்றிவந்த கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட ஆப்பிரிக்கரை விடுதலை வாழ்வுக்குப் பழக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. தொழிலும் கல்வியும் அங்கே கற்பிக்கப்பட்டன. 1838-இல் 185 பேர் முழு விடுதலை பெற்றனர். பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறை ஒழிந்தது அதற்குப் பத்தாண்டு கழித்து, 1848-இல்தான். பண்ணையாளர் அவரை வெறுத்தனர். ஆயரோடு நேர்ந்த பிணக்கினால் நற்கருணை பெறுதலும் அவருக்கு நெடுநாள் மறுக்கப்பட்டது. துறவி ஒருவர்க்கு அதனினும் பெரிய துன்பம் யாது? எனினும் அவர் பணியைக் கைவிட்டாரல்லர். 1851 ஜூலை 15-ஆம் நாள் பாரிசில் மறைந்தார். 1950-இல் திருச்சபை அவர்க்கு முத்திப்பேறு பெற்றவர் என்னும் பட்டம் அளித்தது.

நம் பகுதிக்குத் திரும்புவோம். நம் திண்ணையில் சட்டாம்பிள்ளையாக அமர்ந்தவன் பெரும்பாலும் ஆண்பிள்ளையே. அதுவும் குறிப்பிட்ட சில குலத்தவன். புதுச்சேரிச் சமுதாயமும் நிறத்தாலும் சாதியாலும் பிளவுண்டிருந்தது. பள்ளிகள் அப்பிளவிற்குத் தப்பவில்லை. 1844-இல் நாகப்பட்டினத்தில் இயேசு சபையார் ஆண்மக்களுக்கென ஒரு கல்லூரி தொடங்கினர்; 1883-இல் திருச்சிராப்பள்ளிக்கு மாறிய புனித வளனார் கல்லூரி அதுவே. அதே 1844-இல் புதுச்சேரியில் துய்ப்புயி என்னும் குரு, பெண்பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தமிழ்ப் பெண்களைக் கொண்டே மரியன்னையின் மாசற்ற இதயச் சபையை நிறுவினார். கற்ற தமிழ்ப்பெண் பிற தமிழ்ப்பெண்களுக்கு ஆசிரியையானாள். சட்டாம்பிள்ளையின் இடத்தில் அன்று ஒரு பெண் அமர்ந்தாள் எனக் கூறலாம்.

மாணவர்களே! முறை எங்குப் பிறந்தது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். ஆனால், அதன் பயன் யாரை எட்டியது என்பதே அதனினும் பெரிய வினா. உங்கள் வகுப்பின் கடைசி வரிசையில், தனக்குப் படிப்பு வராது எனப் பிறர் சொல்லக் கேட்டுத் தானும் நம்பிவிட்ட தோழன் ஒருவன், தோழி ஒருத்தி இருக்கக்கூடும். இன்று நீங்கள் கற்ற ஒரு கணக்கையோ ஒரு செய்யுளையோ அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். நாளை அவர்களை வேறொருவர்க்குச் சொல்லிக் கொடுக்கச் செய்யுங்கள்.