பட்டாசு வட்டாரத்தில் முதுமை: கணக்கில் வராத ஆண்டுகள்

சிவகாசி வட்டாரத்தில் வெடிவிபத்து நடந்தால் இறந்தவர் எண்ணிக்கை தலைப்புச் செய்தியாகும். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி ஆலையில் சுமார் 40 பேர் பலியானது இன்றும் பேசப்படுகிறது. தீக்காயத்தோடு பிழைத்தவரும் மருந்துத் தூசியிலேயே வயதானவரும் எத்தனை ஆண்டுகளை நோயோடு கழிக்கிறார்கள் என்பது செய்தியாவதில்லை. அதை அளக்கும் அளவுகோல்தான் 'நலமான ஆயுட்காலம்'.

எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

உலக சுகாதார நிறுவன மதிப்பீட்டின்படி 2019இல் இந்தியரின் சராசரி ஆயுள் 70.8 ஆண்டுகள், அதில் நலமான ஆண்டுகள் 60.3. விடுபட்ட பத்தரை ஆண்டுகள் முதுமையில் மட்டும் வருபவை அல்ல. வாழ்நாள் நெடுக நோயும் ஊனமும் பறித்தவற்றின் கூட்டுத்தொகை.

இந்த மதிப்பீட்டு முறையைவிட எளிய ஒன்றை 1971இல் சல்லிவன் என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுத்தார். இறப்பு விகிதங்களிலிருந்து ஆயுள் அட்டவணை தயாரித்து, ஒவ்வொரு வயதிலும் முடங்காமல் இருப்போரின் விகிதத்தால் அதைப் பெருக்குவது அந்த முறை.

மாநில சராசரி போதாதா?

2011இல் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 10.4 சதவீதம், 2031இல் 18 சதவீதத்தைத் தாண்டும் என்பது கணிப்பு. மாநிலத்தின் சராசரி ஆயுள் 73.2 ஆண்டுகள் (2016-20). மாதிரிப் பதிவு முறை தரும் இந்த எண் மாநிலத்துக்கானது. சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டத்துக்கென அதில் தனி எண் இல்லை.

வேலை மாறினால் முதுமையும் மாறும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் அலுமினியப் பவுடர், கந்தகம், வெடியுப்பு கலக்கும் இடத்தில் தூசி நுரையீரலுக்குள் போகிறது. பட்டாசுக்கான காகிதக் குழாய் சுற்றுவோருக்கு நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்த வேலை. முழங்காலும் இடுப்பும் தேய்கின்றன. பீஸ் கணக்கில் கூலி என்பதால் கை தளர்ந்தால் வருமானமும் தளரும்.

மற்ற நாடுகளில்?

ஜப்பான் தன் 47 மாகாணங்களுக்கும் மூன்றாண்டுக்கு ஒருமுறை நலமான ஆயுட்காலத்தை வெளியிடுகிறது. 'உடல்நலக் குறைவால் அன்றாட வேலைக்குத் தடை உண்டா?' என்ற கேள்விதான் அடிப்படை. இங்கிலாந்தில் மிக வறிய பகுதிக்கும் மிக வசதியான பகுதிக்கும் இடையே நலமான ஆயுளில் 18 ஆண்டுகளுக்கு மேல் வித்தியாசம். ஒரே சராசரியை மட்டும் பார்த்திருந்தால் அது தெரிந்திருக்காது.

இங்கே முடியுமா?

முடியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பணியாளர்கள் ஏற்கெனவே வீடு தேடிப் போகிறார்கள். ஜப்பானில் கேட்கும் அதே கேள்வியையும், 'என்ன வேலை, எத்தனை ஆண்டு?' என்பதையும் அவர்கள் கேட்டுப் பதியலாம். இறப்புப் பதிவேட்டோடு அதைச் சேர்த்து, சில ஆண்டுத் தரவுகளைத் தொகுத்தால் வட்டார எண் கிடைக்கும்.

ஆலைக்குள் மருத்துவ முகாம் நடத்தி இதைத் தெரிந்துகொள்ள முடியாது. மூச்சிரைப்பு வந்தவர், விரல் மடங்காதவர் எல்லாம் வேலையை விட்டிருப்பார்கள். முகாமுக்கு வருபவர் இன்னும் உழைக்க முடிந்தவர். அவர்களை மட்டும் பரிசோதித்தால் பட்டாசுத் தொழில் உடம்புக்கு நல்லது என்றுகூட முடிவு வரும். கணக்கு வீட்டிலிருந்து தொடங்க வேண்டும்.